குவைத்தார் காரில் காலி சீட்

"எங்கேயாவது போயிட்டு வரலாம், வாங்களேன்" என்று ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே மனிதர், இந்தப் பூமியிலேயே எங்கள் குவைத்தார்தான்.

குவைத்தில் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பியவர். வந்ததும் மொட்டைமாடி முழுக்க சோலார் தகடு போட்டார். பிள்ளைகளே, வெயில் பட்டால் கரன்ட் ஊறும் தகடு அது. தினமும் காலையில் ஈரத்துண்டோடு மேலே போய், குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஒருநாள் பக்கத்து மாடிப் பெண்கள் அதன்மேல் வடகம் பிழிந்துவிட்டார்கள். "நல்லா சூடா, சுத்தமா இருக்குண்ணே!" என்றார்கள். அன்று அவர் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. வடகம் மட்டும் அருமையாகக் காய்ந்தது.

பிறகு அந்தக் கரன்ட்டில் ஓடும் கார் வாங்கினார். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆடுகள் பாட்டுக்கு நடுரோட்டில் படுத்திருக்கும். இவர் இறங்கிப் போய், "கார் வருதும்மா" என்று ஆடுகளிடம் சொல்லிவிட்டு வந்து மறுபடி ஏறுவார்.

டீக்கடை பாஸ்கருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, புகை இல்லாத காருன்னு பீத்திக்கிறீங்க. அந்த பேட்டரிக்கு வேண்டிய உலோகத்த வேற நாட்டுல எவன் நிலத்தையோ தோண்டித்தான எடுக்கறான்?"

குவைத்தார் முகம் வாடிப்போனது. எங்கள் வயல்களைத் தோண்டி எண்ணெய் எடுக்கக் குழாய் இறக்க வந்தபோது, மறித்து ரோட்டில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் அவர். கையிலிருந்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் சட்டம் போட்டார்.

"அங்கயும் ஒருத்தன் வெள்ளாம வச்சிருப்பான்ல? அவன் நெலத்தத் தோண்டி எடுத்ததுல நான் ஒத்தையா உக்காந்து போறது பாவம்டா. அஞ்சு சீட்டும் நெறஞ்சாத்தான் இனிமே வண்டி கெளம்பும்."

அன்றிலிருந்து அவருக்குப் பல் வலித்தால், தெருவில் இன்னும் நாலு பேர் பல்லைக் காட்டிவிட்டு வர வேண்டியதாயிற்று.

"தஞ்சாவூர் வர்றியா?"

"எனக்கு அங்க வேலை இல்லண்ணே."

"போயி தேடிக்கலாம், ஏறு!"

சிங்கப்பூரிலிருந்த அவர் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை வழியனுப்பியே பழகிய அவர் மனைவி டீச்சரம்மா, முதல்முறையாகத் தானே விமானம் ஏறப்போகிறார். தகடு துடைக்க ஆள் வேண்டும் என்று குவைத்தார் போகவில்லை.

கிளம்ப வேண்டிய நேரத்தில் தெருவில் ஈ, காக்கை இல்லை. அறுவடை மெஷின் வந்து ஊரே வயலில் நின்றது. டீச்சரம்மா முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் மூன்று சீட்டும் காலி. குவைத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைத் தேடி வரப்புக்கே ஓடிவந்தார்.

"திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வாங்கடா!"

"இன்னிக்கு ஒருநாள் சட்டத்த ஒதுக்கி வைங்களேன்" என்றேன்.

"ஒதுக்கி வச்சா அது என்னடா சட்டம்?"

வயலை ஒட்டிய தெருவில் நின்ற காரிலிருந்து டீச்சரம்மா குரல் வந்தது. "ஏங்க, பேரப்புள்ள காலேஜ் சேர்றதுக்குள்ளயாவது போயிருவோமா?"

அதற்குமேல் தாங்காது. நான், பாஸ்கர், சாக்கு தைத்துக்கொண்டிருந்த முருகையன் மூவரும் சேற்றுக்காலோடு ஏறிவிட்டோம். முருகையன் கையில் கோணி ஊசி அப்படியே இருந்தது. ஏர்போர்ட் வாசலில் போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குய்யா?" என்றார்.

"வழியனுப்ப வந்தேங்க" என்றான் முருகையன்.

விமானத்தைத் தவறவிடவில்லை. டீச்சரம்மா உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்தார். குவைத்தாருக்கு இந்தப் பக்கம் நின்று கையசைக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவர் நின்றதெல்லாம் அந்தப் பக்கம்தானே.

திரும்பும்போது குவைத்தார் ஆள் தேடவே இல்லை; முன்சீட்டு காலியாகவே வண்டியைக் கிளப்பிவிட்டார். வழியில் வல்லம் பஸ் ஸ்டாப்பில் பையோடு ஒருவர் கைகாட்டினார். கார் நின்றது. எங்களுக்குச் சந்தோஷம். அஞ்சாவது ஆள் தானாகவே கிடைத்துவிட்டார்.

"ஐயா, தஞ்சாவூர் வரைக்கும் வரலாமுங்களா?"

குவைத்தார் பக்கத்து சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. இங்க ஆள் இருக்கு."

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பின்சீட்டில் மூன்று பேரும் முழங்கால் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முன்னால் போய் உட்கார ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.