சாகுமட்டும் விசா

விசா விண்ணப்பம் மூன்றாந்தரமும் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. ஏரம்பர் வயல் வரம்பில் குந்தியிருந்து அதை வாசித்தார். கையிலிருந்த சேறு கடிதத்திலும் பட்டது. துடைக்க அவருக்கு அலுப்பாக இருந்தது.

அவர் கேட்டது ஒன்றும் பெரிய காரியமில்லை. காடு வெட்டிக் காணியாக்கி, இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குச் சண்டை பிடித்து, இராப்பகலாகப் பன்றிக் காவல் இருந்து முதுகு வளைந்துவிட்டது. இனித் தலைமன்னாரில் கப்பலேறிச் சிதம்பரம் போய், மடத்தில் ஒரு அறை எடுத்து, மனைவி அன்னபாக்கியமும் தானுமாகக் கோயில் மணியைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். இந்தியாவில் எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. "சாகுமட்டும்" என்று உள்ளதை எழுதினார். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

கடிதத்தைக் கிராமத் தலைமைக்காரரான விதானையார் வீரகத்தியிடம் கொண்டு போனார்.

"சாகுமட்டும் எண்டால் எப்ப மட்டும்? திகதி கேக்கிறாங்கள், அண்ணை."

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோவன்."

யோசித்தால் தெரியாமலும் இல்லை. கலியாணம் பேசிய காலத்தில், செல்லரித்துப்போன அவருடைய சாதக ஓலையைப் பார்த்துப் பெண்வீட்டுச் சாத்திரியார் கொப்பியில் புதிதாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். பொருத்தமெல்லாம் அப்பழுக்கில்லை. ஆயுள் மட்டும் அறுபத்துநாலாம் வயதில் ஆவணியோடு சரி. அந்தக் காலத்தில் அது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தாராளமாகத் தெரிந்தது. இப்போதுதான் அந்த ஆவணிக்கு இரண்டு வருடம்கூட இல்லை. அவர் சிதம்பரத்துக்கு அவசரப்பட்டதும் அதனால்தான்.

"குறிப்பைச் சேர்த்து அனுப்புவம்" என்றார் ஏரம்பர்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தபோது அன்னபாக்கியம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் குறிப்பை நம்பி ஒண்டும் செய்யாதேங்கோ."

"உன்ர ஊர்ச் சாத்திரியார் எழுதினதுதானே?"

"எழுதினால் என்ன. உள்ளுக்கை வையுங்கோ."

ஏன் என்று கேட்டதற்கு அடுப்பை ஊதினாள். கலியாணம் கட்டிய நாள் முதல் அவர் எதைத் தொட்டாலும் வேண்டாம் என்பவள் அவள். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டியே இப்படி என்றால், பாராமல் கட்டியவர்கள் என்ன பாடுபடுகிறார்களோ என்று ஏரம்பர் பெருமூச்சு விட்டார்.

விதானையார் குறிப்பைப் படியெடுத்து முத்திரை குத்தி அனுப்பினார். கடமை தவறாத மனிதர், ஆகவே ஒரு படியை, காணி கொடுத்த குடியேற்றக் கந்தோருக்கும் அனுப்பிவைத்தார். அடுத்த கிழமையே குடியேற்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நீங்கள் சாகப்போறியள் எண்டு அறிவிச்சிருக்கு. இந்தியாவிலை செத்தபிறகு நான் வாரிசு தேடி அலையேலாது. காணியை இப்பவே ஆரின்ரையாவது பேரிலை மாத்துங்கோ."

மாற்றாவிட்டால் பயணத்துக்கும் சம்மதக் கடிதம் கிடைக்காது. ஏரம்பர் மகளின் புருஷன் சின்னராசாவின் பேருக்குக் கையெழுத்து வைத்தார். சின்னராசா கண் கலங்கினான். மறுநாள் காலை கட்டில் மேசையோடு வண்டியில் வந்து சேர்ந்தான்.

"மாமா, இனி நீங்கள் கஷ்டப்படக்கூடாது" என்று மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினான். பிறகு முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலும் தானே சாய்ந்துகொண்டான்.

ஊருக்குள் கதை பரவிவிட்டது. கடைக்குப் போனால் ஆட்கள் செத்தவீட்டு முகத்தோடு கும்பிட்டார்கள். மரண சகாய சங்கத் தலைவர் யோகலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, ஆவணி எண்டால் சிறுபோக நெல்லு அறுத்துச் சூடடிக்கிற நேரம். பிரேதம் காவ ஆள் வராது. புரட்டாதிக்குத் தள்ளேலாதோ?"

"நான் சிதம்பரத்திலையெல்லோ சாகப்போறன்."

"அப்ப எங்கட பந்தல்?"

"வேண்டாம்."

"பறை?"

"அதும் வேண்டாம்."

"பிறகு சங்கம் ஒண்டும் செய்யேல்லை எண்டு கதைக்கக்கூடாது" என்று சொல்லி, ஏரம்பரின் பெயரைச் சங்கக் கொப்பியில் அந்த இடத்திலேயே வெட்டிவிட்டார்.

கடைசியில் பதில் வந்தது. ஏரம்பருக்கு அந்த ஆவணி முடியும்வரை விசா தரலாம். மனைவியின் விசா கணவனுடையதோடு முடியும். குறிப்பை எழுதிய சாத்திரியார், அல்லது அவருடைய வாரிசு, அது சரியென்று ஒரு கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும்.

சின்னராசா அதை உரத்து வாசித்தான். அன்னபாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நீங்கள் செத்த கையோடை நான் கப்பலேற வேணுமோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும்கூட நிக்க விடமாட்டாங்களோ?"

"எழுதிக் கேப்பம்."

"ஒண்டும் கேக்க வேண்டாம். நான் வரேல்லை. நீங்களும் போக வேண்டாம். அந்தக் கொப்பியைக் கிழிச்சு அடுப்புக்குள்ளை போடுங்கோ."

ஏரம்பர் கடிதத்தை வாங்கி மடித்தார். கோயில் மணி, மடம், அறை என்று எத்தனையோ கனவு கண்டிருக்கிறார். அந்த அறையில் இவள் இருந்து வேண்டாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சிதம்பரமும் அவருக்கு வெறுங்காடுதான். அது இன்றைக்குத்தான் விளங்கியது.

"காணி போயிட்டுது. கதிரையும் போயிட்டுது. சங்கத்திலையும் வெட்டிப்போட்டாங்கள். இனி நான் எங்கை போய் இருக்கிறது, சொல்லு பாப்பம்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். சின்னராசாவைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சாத்திரியார் செத்துக் கனகாலம். அவருடைய மகன் பரமலிங்கம் சாத்திரத்தைக் கைவிட்டுப் பரந்தன் சந்தியில் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏரம்பர் வெயிலில் சைக்கிள் உழக்கிப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கொப்பியை நீட்டினார்.

"தம்பி, உம்மட ஐயாவின்ர எழுத்துத்தானே? இதிலை சரியெண்டு ஒரு கையெழுத்து வையும். காணியும் எழுதிக் குடுத்திட்டன். இது ஒண்டுதான் மிச்சம்."

பரமலிங்கம் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிரிப்பு வந்தது போலிருந்தது. பிறகு ஏரம்பருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டார். ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, இருங்கோ என்று கையைக் காட்டினார்.

"எழுத்து ஐயாவின்ரதான், ஆனால் கையெழுத்து வைக்கேலாது அண்ணை; உங்கட ஓலையிலை ஒரு பொருத்தமும் இல்லையெண்டு ஐயா சொல்ல, திருவிழாவிலை உங்களைக் கண்ட அன்னபாக்கியக்கா கட்டினால் அவரைத்தான் எண்டு சாப்பிடாமல் கிடந்து புதிசா எழுதுவிச்ச குறிப்பு இது, ஓலையிலை உங்களுக்கு ஆயுள் தொண்ணூற்றாறு."