எட்டு மணி நேர மழை

வேலை போனதைப் பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது மணி பகல் பதினொன்று பத்து. வேலை போனது பதினொன்று ஐந்துக்கு. வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எந்த முடிவையும் எடுத்ததில்லை.

வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருவன். வேலை போன பிறகும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என் திட்டத்தின் அஸ்திவாரமே இதுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டியவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு விளங்காது. ஆனால் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லும்போது அவர் அரை அடி உயர்வார். அந்த அரை அடியை எப்படிக் குறைப்பேன்? அடுத்த வேலை கிடைக்கும்வரை அவருக்குத் தெரியக்கூடாது. அதற்கு முதலில் என் மனைவிக்குத் தெரியக்கூடாது.

அவள் கூடத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக என் உத்தியோகம் அவளுக்கு இசையாகத்தான் போய்ச் சேரும். புரோகிராம் எழுதும் பலர் எதையாவது ஓடவிட்டுத்தான் எழுதுவார்கள், நானும் அப்படித்தான். மூளை வேண்டிய இடத்தில் வார்த்தையில்லாத வாத்தியம். கை பழகிய இடத்தில் பாட்டு. ஹெட்ஃபோன் மாட்டினால் எனக்குக் காது வலிக்கும், அதனால் ஒரு சின்ன ஸ்பீக்கர். அது பாடினால் நான் வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம். வேலைதானே போயிற்று, ஸ்பீக்கர் இருக்கிறதே!

தினமும் ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டை மாட்டி, கதவைச் சாத்துவேன். முதலில் பியானோ. பிறகு புல்லாங்குழல். பிறகு நாலைந்து பாட்டு. மத்தியானத்துக்கு மேல் மழை. எட்டு மணி நேரம் விடாமல் பெய்யும் ஒலிப்பதிவு. விண்ணப்பம் அனுப்ப அரை மணி நேரம் ஆகும். பதில் வரவில்லை என்று பார்க்க அரை நிமிஷம். மீதி நேரமெல்லாம் சத்தத்துக்காகத் தட்டச்சு. பதினாறாம் வாய்ப்பாட்டை நானூறு தடவை அடித்திருப்பேன்.

நாலாம் நாள் காபிக் கடை ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தது. கோப்பைகள் இடிபடும். யார் யாரோ பேசுவார்கள், ஒன்றும் புரியாது. பதினேழாவது நிமிஷத்தில் ஒருவர் இருமுவார். இரண்டாம் வாரம் நான் அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். "உடம்பப் பாத்துக்குங்க சார்" என்பேன். அவர் மறுபடியும் இருமுவார். என்னைப் பொருட்படுத்திய ஒரே ஆள்.

மற்றபடி கதவு தட்டப்படும்.

"ஏங்க, மீட்டிங்கா?"

"ஆமா."

"எப்ப முடியும்?"

"பதினொண்ணு."

"அப்ப பதினொண்ணு அஞ்சுக்கு வந்து துணி காயப்போடுங்க. பன்னெண்டுக்கு மீட்டிங் உண்டா?"

"உ... உண்டு."

"ஒரு மணிக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"மீட்டிங்க நீங்களே யோசிச்சு வைக்கிறீங்களா?"

"பதவி உயர்வு குடுத்திருக்காங்க."

மத்தியானம் அப்பா கூப்பிடுவார். "வேலை ஜாஸ்தியாப்பா?" என்பார். "தலை நிமிர நேரமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் முழங்கால் வலியை விசாரிப்பேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு பதில் வந்தது. 'வருந்துகிறோம்' என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்கவில்லை. மழையை நிறுத்தினேன். அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உக்காருங்க."

"எனக்கு வேலை போயிடுச்சு. மூணு வாரமாச்சு."

"தெரியும்." அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னா?"

"உங்க ஸ்பீக்கர்தான்."

"அதுல பாட்டு ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு?"

"ஓடினதுதான் தப்பு. வேலைல எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா ஒரே பாட்ட நாப்பது தடவ போடுவீங்க. தப்பக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மாத்த மாட்டீங்க. ஒரே பல்லவில நான் ரெண்டு சட்டை தச்சு முடிச்சிருக்கேன். இப்ப என்னடான்னா ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, ரேடியோ மாதிரி மாறுது. மூணு நாள் மாட்டிக்காம வேலை பாக்கிற ஆளா நீங்க?"

ஒரே பாட்டை அப்படிப் போடுவேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கதவச் சாத்தி வெச்சிருந்தீங்க. நீங்களா வெளிய வரணும்னுதான் தட்டிட்டே இருந்தேன். துணி காயப்போட எனக்குக் கை இல்லையா?"

நான் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"சரி, போனது போகட்டும். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"எனக்கு நிச்சயமாத் தெரிய மூணு நாள் ஆச்சு. மாமா முதல் நாளே எனக்கு போன் பண்ணிட்டார். 'ரெண்டு வார்த்தைல போன வெச்சுடற பய, இன்னைக்கு என் முழங்காலப் பத்தி முக்கால் மணி நேரம் விசாரிக்கிறான். அவனுக்கு வேலை போயிடுச்சாம்மா?'ன்னு."