நாலு இடம் தள்ளி

அன்று கம்பெனி கேட்டில் இருந்தவர்கள்: வாட்ச்மேன் நான். லாரி டிரைவர் கலியமூர்த்தி. மேனேஜர். அப்புறம் தள்ளி.

தள்ளியைப் போல ஒரு மனிதரை மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கண்டதில்லை. இனி காணவும் வேண்டாம். எங்கள் சோப்புக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர். லாரி கிளம்புமுன் சரக்கு விவரம் எக்ஸ்எம்எல் என்கிற கம்ப்யூட்டர் எழுத்தில் சென்னை ஹெட் ஆபீசுக்குப் போகும். பெட்டிக்குள் பெட்டி மாதிரி: லாரிக்குள் சரக்கு, சரக்குக்குள் எடை. உள்ளே இருப்பது ஒவ்வொன்றையும் நாலு இடம் தள்ளி எழுதுவார். யாருக்கு உள்ளே யார் என்று தெரிய வேண்டுமாம். அதனால் நாங்கள் வைத்த பேர்தான் தள்ளி.

அதோடு விட்டாரா? வண்டி ஷெட்டில் மேனேஜர் பைக். ஒரு முழம் தள்ளி சூப்பர்வைசர் பைக். இன்னும் தள்ளி ஆட்களுடையது. கடைசியில் என் சைக்கிள், ஷெட்டுக்கு வெளியே, மழையில். டிபன் கேரியரைத் திறந்த வரிசைக்குத் தலைகீழாகத்தான் மூடுவார். பேச்சுக்கு நடுவே வேறு பேச்சு எடுத்தால், உள்ளே எடுத்ததை முடிக்காமல் ஆளை விடமாட்டார்.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி மகளுக்குக் கனகசெட்டிக்குளத்தில் நிச்சயதார்த்தம். லாரி போகிற வழிதான். அங்கே மாற்று டிரைவர் காத்திருந்தார். ஆனால் சென்னை சரி என்றால்தான் நான் கேட்டைத் திறக்கலாம். மத்தியானத்திலிருந்து, இந்த நம்பரில் லாரியே இல்லை என்றது சென்னை.

தள்ளி அன்று வண்டி நம்பரையும் தனி வரியில் தள்ளி எழுதியிருந்தார். காலி இடத்தையும் நம்பரோடு சேர்த்துப் படித்துவிட்டது சென்னை மிஷின்.

"யோவ், எல்லாத்தையும் ஒட்டிப் போடுய்யா. அழகு யாரு பாக்கறா? அங்க படிக்கறது மிஷினு" என்றார் மேனேஜர்.

"தப்பு வந்தா படிக்கறது நான்தானே சார்."

"தப்பே உன்னாலதான்யா வந்துச்சு."

கலியமூர்த்தி புது வேட்டி இருந்த பையை மடியில் வைத்திருந்தார். தள்ளி அதைப் பார்த்தார். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் போல உட்கார்ந்து, நம்பரைச் சுற்றியிருந்த காலி இடத்தை மட்டும் அழித்தார். மற்றதில் கை வைக்கவில்லை. சென்னை சரி என்றது.

எனக்கும் தள்ளிக்கும் ஷிப்ட் முடிந்திருந்தது. ரெண்டு பேரும் ஏறுங்க என்றார் கலியமூர்த்தி. ஏறினோம்.

அங்கே போயாவது தள்ளி சும்மா இருந்தாரா? போட்டோவுக்கு நின்றவர்களைத் தள்ள ஆரம்பித்தார். கலியமூர்த்தியும் சம்சாரமும் முன்னால். ஒரு முழம் தள்ளிப் பிள்ளைகள். இன்னும் தள்ளிப் பேரப்பிள்ளைகள். போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். படம் படிக்கட்டு மாதிரி வந்தது.

படம் எடுக்குமுன் நான் பந்தல் ஓரம் நின்றிருந்தேன். எனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

"இன்னாணா வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக் கலியமூர்த்தி பக்கத்தில் நிறுத்தினார் தள்ளி.

தள்ளி இப்போது வேறு கம்பெனி. படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் இல்லை, போட்டோக்காரர் பக்கத்தில் நின்று வரிசையில் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில், என்னையும் சேர்த்து, பதினொரு பேர்.