மீன்தொட்டிக்கு அடியில் ஒரு கறை

ஏவால்ட் வயிறு தரையில் பட, டார்ச் விளக்கும் கையுமாக மீன்தொட்டிக்கு அடியில் கண்ணை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டி மேசைக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் பாயின் ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. நேராக்கலாம் என்று முட்டை புரட்டும் கரண்டியால் நெம்பியபோதுதான் அது தெரிந்தது. ஓக் மரப் பலகையில் கரியைப் பூசினாற்போல் ஒரு கறை.

"செத்தேன்," என்றான்.

வீட்டில் கேட்க ஆளில்லை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்த கிழட்டுக் கெளுத்தி மட்டும் அவனைப் பார்த்தது. அதற்கு அவன் வைத்த பெயர் டைரக்டர்.

லின்ஸ் நகரத்தில் மரத்தரை இல்லாத பழைய வீடு அபூர்வம்தான். ஆனால் இது சாதாரண மரத்தரை அல்ல. மாமனார் ஒத்மார் வாழ்நாள் முழுக்க ஊரார் வீடுகளுக்குத் தரை போட்டவர். மகள் கல்யாணத்துக்குச் சீராக, ஒவ்வொரு பலகையையும் தன் கையாலேயே இழைத்துப் பதித்துக் கொடுத்த தரை. ரோஸ்விதா அதைப் பச்சைப் பிள்ளையைப்போலக் காப்பாற்றி வந்தாள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளிச் செருப்பு. வரும் விருந்தாளிகளுக்கும் கம்பளிச் செருப்பு.

அப்படிப்பட்டவள் கணவனின் பிறந்தநாளுக்கு இருநூற்று நாற்பது லிட்டர் தொட்டியை வாங்கிக் கொடுத்தது ஏவால்டுக்கே ஆச்சரியம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். கண்காட்சி ஒன்றுக்காக மியூனிக் போய்விட்டுத் திரும்பியபோது, ஜன்னலோரத்தில் தொட்டி தயாராக நின்றது. ரப்பர் பாய், அதன்மேல் எடை பரவலாக இறங்கக் கனமான பலகை, அதன்மேல் மேசை, மேசைமேல் நுரை விரிப்பு என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தரைல ஒரு சொட்டு பட்டாலும் மீனெல்லாம் டானூப் ஆத்துக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

இப்போது ஒரு சொட்டு என்ன, ஒரு குடமே இறங்கியிருக்கும்போல. ரோஸ்விதா அப்பாவை அழைத்துவரப் பக்கத்து ஊரான ஸ்டெயருக்குப் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வந்துவிடுவார்கள். ஒத்மார் வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பவர்.

முதலில் தொட்டியை நகர்த்தியாக வேண்டும். நீரும் கல்லும் சேர்ந்து ஒரு குதிரையின் கனம் இருந்தது அது. ஏவால்ட் குளியல் தொட்டியை நன்றாகக் கழுவி, குழாய் வைத்து நீரை அங்கே இறக்கினான். மீன்களை வலையில் பிடித்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விட்டான். டைரக்டர் கடைசியாகப் போனது. போனது சும்மா போகவில்லை. வாலால் ஒரு விளாசு விளாசியதில், குளியல் தொட்டியின் விளிம்பில் செருகியிருந்த குழாய் நழுவி வீட்டு நடையில் விழுந்தது.

ஏவால்ட் அதைக் கவனித்தபோது அவனுடைய காலுறை நனைந்திருந்தது. வீட்டிலிருந்த துண்டு, போர்வை, அவனுடைய கோட்டு எல்லாவற்றையும் போட்டு ஒற்றினான். அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கீழ்வீட்டு ஹாவ்லிசெக் அம்மாள் நின்றாள். வெளியே நல்ல வெயில். அவள் கையில் விரித்த குடை.

"தம்பி, எங்க வீட்டுச் சமையலறையில மழை பெய்யுது. உங்க வீட்டுல எப்படி?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. சின்ன விபத்து."

"சின்னதா? என் கேக்கு நீந்துதுய்யா," என்றபடி அவள் உள்ளே வந்தாள். மணி அடிப்பதற்குச் சற்று முன்புதான் அவன் காலித் தொட்டியை மூச்சைப் பிடித்துத் தள்ளி ஒதுக்கியிருந்தான். பாயையும் எடுத்துவிட்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டளவு கறை முழுசாகத் தெரிந்தது. அவள் கேக்கை மறந்துவிட்டாள்.

"ஐயய்யோ! ரோஸ்விதா பாத்தாளா?"

"பாத்திருந்தா நான் உயிரோட நிப்பேனா?"

"பதறாத. மயோனைஸ் இருக்கா?"

இருந்தது. தேய்த்தார்கள். கறை அப்படியே இருந்தது. வீடு மட்டும் உருளைக்கிழங்கு சாலட் வாசம் அடித்தது. எலுமிச்சை பிழிந்தார்கள். கறையைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் விழுந்து, கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"ஈரம் உள்ள இறங்கியிருக்கு. துணியைப் போட்டு இஸ்திரி பண்ணினா உறிஞ்சி எடுத்துடும். எங்க வீட்டுக்காரர் மேசைக்கு அப்படித்தான் செஞ்சேன்."

"சரியாப் போச்சா?"

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, மேசை எங்கயோ தெரியலை. நீ பெட்டியைச் சூடு பண்ணு."

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்த நேரம் பார்த்துக் கைபேசி அலறியது. ரோஸ்விதா.

"கிளம்பிட்டோம். அப்பா சுடச்சுட ஆப்பிள் ஸ்ட்ரூடல் எடுத்துட்டு வர்றார். நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"சும்மா... இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கேன்."

"நீயா? இஸ்திரியா? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ வர்றேன்னு..."

"தங்கமே!" என்றாள் அவள். குரல் குழைந்திருந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல். அந்தக் குரலில் மயங்கி அவன் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசினான். புகை வந்தபிறகுதான் திரும்பினான்.

பெட்டியைத் தூக்கினால், கறைக்கு நடுவே படகுபோல ஒரு கருகல், அசல் இஸ்திரிப் பெட்டி உருவத்தில்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்று ஹாவ்லிசெக் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஏவால்ட் உப்புத்தாளை எடுத்தான். ஆத்திரத்தோடு தேய்த்ததில் கருகல் போயிற்று. கறையிலும் பாதி போயிற்று. கூடவே மெருகும் போய், அந்த இடம் மொட்டைத்தலைபோல வெளிறி நின்றது. நிறம் சேர்க்கச் செருப்புப் பாலிஷைத் தேடினான். டப்பாவில் பழுப்பு என்றுதான் எழுதியிருந்தது. பூசியபின் அது பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. இப்போது பார்த்தால் அந்த அறையில் யாரையோ குத்திப் போட்டுவிட்டு உடலை அப்புறப்படுத்தியதுபோல இருந்தது.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் படுக்கையறைக் கம்பளத்தை இழுத்து வந்து மேலே போட்டான். மூச்சு வாங்க, அதன்மேலேயே ஏறி நின்றான்.

ரோஸ்விதா உள்ளே வந்தாள். நனைந்த கோட்டைப் பார்த்தாள். இடம் மாறிய காலித் தொட்டியைப் பார்த்தாள். கம்பளத்தின் மேல் சிலைபோல நின்ற கணவனைப் பார்த்தாள். ஒத்மார் ஸ்ட்ரூடல் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கை கழுவக் குளியலறைக்குப் போனார்.

"மாப்பிள்ளை!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "உங்க குளியல் தொட்டில மீசை வெச்ச ஒருத்தன் இருக்கான். நான் அப்புறமா வரட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஏவால்ட்," என்றாள் ரோஸ்விதா மெல்ல. "கம்பளத்தைவிட்டு இறங்கு."

இறங்கினான். அவளே கம்பளத்தை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. ஏவால்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எல்லாம் என் தப்புதான் ரோஸி. தொட்டி எப்பவோ கசிஞ்சிருக்கு, நான் கவனிக்கவே இல்லை. கறுப்பா ஒரு கறை. அதை எடுக்கப் போய்த்தான் இப்படி... நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. மீனை எல்லாம் கடையிலேயே திருப்பிக் குடுத்துடறேன். டைரக்டரை மட்டும் டானூபுல விட வேணாம். பாவம், வெந்நீர்லயே வளர்ந்தது. குளிர் தாங்காது."

அவன் கண் கலங்கிவிட்டது. ரோஸ்விதா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். திட்டு விழும் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரும் மீனைத் திருப்பிக் குடுக்க வேணாம்," என்றாள் அவள்.

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன சொன்ன?"

"மரம்னா கறை படத்தான் செய்யும். அதுக்காக மனுஷன் அழுவானா? தண்ணியை ரொப்பி, மீனை விட்டு, தொட்டிய பழைய இடத்துலயே வெச்சிடலாம். சாப்பாட்டுக்கு முன்னாடியே வெச்சிடலாம்."

ஏவால்டால் தன் காதையே நம்ப முடியவில்லை. நாற்காலிக்குச் செருப்பு போடுகிற பெண்ணா இது? நெஞ்சிலிருந்து ஒரு பாறையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. இவ்வளவு பெரிய மனசை இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று வருந்தினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ தெய்வம் ரோஸி. வேற யாரா இருந்தாலும் என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பாங்க. மாமா, நீங்க போட்ட தரை. நீங்களாவது என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்க."

குளியலறையிலிருந்து வந்து நின்ற ஒத்மார் குனிந்து, பீட்ரூட் நிறத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். ரோஸ்விதா "அப்பா, ஸ்ட்ரூடல் ஆறுது," என்று அவசரமாக எழுந்தாள். அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உன்னை எதுக்கு மாப்பிள்ளை திட்டணும்? கிறிஸ்துமஸ் மரத்தோட இரும்புத் தாங்கியில தண்ணிய ரொம்ப ஊத்திக் கறையாக்கிட்டு, நீ மியூனிக்லருந்து வர்றதுக்குள்ள என்னப்பா பண்றதுன்னு இவ போன்ல அழுதப்போ, யாராலயும் நகர்த்த முடியாத சாமானா பாத்து கறை மேல வெச்சிடும்மான்னு சொன்னதே நான்தானே!"