நாற்பது வருஷத்துத் தூசி

‘பழைய எஞ்சின்’ பத்திரிகையின் ஆசிரியர், மதிப்பிற்குரிய ஹோவர்ட் பிங்க்னி அவர்களுக்கு, விஸ்கான்சினிலிருந்து ரோசான் டெட்லாஃப் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், எண்ணெய் ஒழுகாமல் தங்கள் வண்டிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

காரணம் தங்கள் மார்ச் இதழ். ‘யாரும் கண்டுகொள்ளாத வேகக் கார்கள்: கொஞ்சமாகச் செய்து நிறுத்தியவை, விளையாட்டாக வாங்கிப் பழுது பார்க்கலாம்’ என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அந்த ‘விளையாட்டாக’ என்ற சொல்லை எழுதியவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். என் கணவர் கர்ட் அதை வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், வறுத்த மீன் ஆறிப்போவது தெரியாமல் படித்தார். அடுத்த வாரமே ஒரு பால் பண்ணைத் தொழுவத்தில் 1970ஆம் வருஷத்து ‘ரெபல் மெஷின்’ என்ற கார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளை உடம்பு, சிவப்பு நீலப் பட்டை, பானெட்டின் மேலே மூக்குப் போல எழும்பிய காற்றுத் துவாரம், அந்த மூக்குக்குள் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர். ஒரே வருஷம்தான் செய்தார்களாம். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டதற்குக் கர்ட் என்னை அற்பமாகப் பார்த்தார்.

வண்டியை இழுத்து வந்த அன்று வழியெல்லாம் கொட்டும் மழை. கர்ட் நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். “பார்க்காதே, ஒரு ஆச்சரியம்!” என்று கேரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார். உள்ளே கார் தலை முதல் டயர் வரை காய்ந்த தூசி போர்த்தி நின்றது. பானெட்டில் புறா நடந்த தடம்கூட இருந்தது.

“இவ்வளவு மழையில தூசி கரையலையா?” என்றேன்.

“நல்ல தார்ப்பாய், ரோ” என்றார்.

மறுநாள் பார்த்தால் வாக்யூம் கிளீனரின் குப்பைப் பையைத் தானாகவே மாற்றியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்யாத காரியம். ஒரு கார் மனிதனை இப்படியும் திருத்துமா என்று நெகிழ்ந்துபோனேன். என் நெகிழ்ச்சி எப்போதும் இப்படித்தான், விசாரிக்காமல் வந்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூசிக்குத்தான் மரியாதை. தொழுவத்தில் கண்டெடுத்த காரை அப்படியே, அழுக்கோடு காட்சிக்கு வைப்பதுதான் இந்த ஆட்களின் உச்சகட்டப் பெருமை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கேரேஜில் தும்மக் கூடாது. கதவை வேகமாகத் திறக்கக் கூடாது. எங்கள் நாய் ஓட்ஸ் வால் ஆட்டக் கூடாது. “இது எண்பத்து மூணுலேருந்து படிஞ்ச தூசி. பெயின்ட் வேணும்னா அடிச்சுக்கலாம், தூசிய எங்க போய் வாங்குவ?” என்று கர்ட் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். நான் கல்லூரியில் மண்ணியல் படித்து மாவட்ட மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். என் தொழிலை இதுவரை யாரும் தொப்பி கழற்றிப் பார்த்ததில்லை.

என் கார் தெருவோரத்துக்குப் போயிற்று. விஸ்கான்சின் குளிர்காலத்தில் தெருவில் கார் நிறுத்துவது என்றால் விடிகாலையில் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டே வாழ்க்கையைப் பற்றி யோசிப்பது. எனக்கு ஏற்கெனவே யோசனை அதிகம். ஆகவே ஒப்பந்தம் போட்டோம்: ஜூலைக் கண்காட்சியில் ‘கண்டெடுத்தபடியே’ பிரிவில் கேடயம் கிடைத்தால் மெஷின் கேரேஜில் இருக்கும். கிடைக்காவிட்டால் விற்றுவிட வேண்டும், கேரேஜ் எனக்கு.

கண்காட்சிக்கு முதல் நாள் கர்ட் டிரெய்லர் இரவல் வாங்கப் போயிருந்தார். கேரேஜில் ஒரு ரீங்காரம். போய்ப் பார்த்தால் அந்த மூக்குக்குள் குளவிகள் கூடு கட்டியிருக்கின்றன. ஒன்று என்னைக் கொட்டியது. தோட்டத்துக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன், ஐயா, யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள். குளவி போயிற்று, கூடவே பானெட்டின் நாற்பது வருஷமும் போயிற்று. கதவில் கோடு கோடாகச் சேறு வழிந்தது. அதைத் துடைக்கப் போய், துடைத்த இடம் பளிச்சென்று தெரிய, பக்கத்து இடத்தையும் துடைக்க, கடைசியில் கார் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் நின்றது. வாளித் தண்ணீரில் மஞ்சள் முடி மிதந்தது. ஓட்ஸ் திருட்டுத்தனமாக உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே விட்டிருந்தால் கேரேஜ் என்னுடையது. ஒரு நிமிஷம் அந்த எண்ணத்தோடு நின்றேன், மறுக்கவில்லை. ஆனால் கேரேஜ் நியாயமாக வர வேண்டும், குளவி வாங்கிக் கொடுத்ததாக வரக் கூடாது. சமையலறையிலிருந்து மாவுச் சல்லடையை எடுத்தேன். வாக்யூம் பையை அறுத்துக் கொட்டினேன், பரிசோதனைக் கூடத்தில் கழித்துப்போட்ட வண்டல் மண்ணைக் கலந்தேன், ஏணிமேல் ஏறிச் சலித்தேன். படித்த படிப்பு முழுவதும் பயன்பட்ட ஒரே நாள் அதுதான். புறாத் தடத்தை ஊறுகாய் எடுக்கும் சின்ன முள்கரண்டியால் பதித்தேன்.

கண்காட்சியில் நடுவர் மெர்ல் ஆஸ்ட்பி ஒரு கையில் பிராட்வர்ஸ்ட் சாசேஜும் மறு கையில் டார்ச்சுமாக வந்தார். எண்பது வயது. பானெட்டை மோந்து பார்த்தார்.

“தம்பி, இந்த வாசனை வருதே, இது பண்ணைத் தூசி. செட்டப் பண்ண முடியாது. காலையில ஒருத்தன் சிமென்ட்ட தூவிக்கிட்டு வந்தான், ‘போய்க் குளிச்சிட்டு வாடா’ன்னு அனுப்பிட்டேன்.”

“ரொம்ப நன்றி சார்” என்றார் கர்ட்.

“இந்தப் புறாவைப் பாரு. பாவம், எந்தக் காலத்துல செத்துச்சோ, கால் மட்டும் இங்க நிக்குது.” மெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்ட் குனிந்து புறாத் தடத்தையே பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கேடயம் கிடைத்தது. என் தூசிக்கு. என் கேரேஜை நானே சலித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். யாரிடம் முறையிடுவது? தங்களிடம்தான். ஆகவே எங்கள் சந்தாவை உடனே ரத்து செய்யும்படியும், அந்த ‘விளையாட்டாக’ என்ற சொல்லுக்கு அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டாருக்கு என் அன்பு. தங்கள் கேரேஜில் தங்களுக்கு என்றும் இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரோசான் டெட்லாஃப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கர்ட் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார்.

“அதானே பார்த்தேன்! என் புறா விளக்குப் பக்கமா போச்சு, இது கண்ணாடிப் பக்கமா போகுது. பேய் புறாவோன்னு அங்கயே பயந்துட்டேன்” என்றார்.

“உன் புறாவா?”

“தார்ப்பாய் கிழிஞ்சு பாதி வழியிலேயே எல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு, ரோ. வாக்யூம் பையத்தான் கொட்டினேன். அதே முள்கரண்டிதான். ஆனா உன்னோடது நிஜப் புறா மாதிரியே இருக்கு.”

இருவரும் சிரித்து ஓய்ந்ததும், குளிர்காலத்தில் என் கார் கேரேஜில் நிற்கட்டும், மெஷின் வெளியே நிற்கட்டும் என்று அவரே சொன்னார். பனியில் தூசி போய்விடுமே என்றேன். “போனா போகட்டும். வசந்தத்துல ரெண்டு பேருமா போட்டுக்கலாம். பைய மட்டும் தூக்கி எறிஞ்சுடாதே.”

எனவே சந்தாவை நிறுத்த வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது நாற்பது வருஷத்துத் தூசி தேவைப்பட்டால் எழுதவும். ஓட்ஸுக்கு இது முடி கொட்டும் காலம்.