புது லினக்ஸும் தொரையின் பிரியாவிடையும்

புதிதாக எது வந்தாலும் எனக்குக் கை அரிக்கும். போன், 'புதுப்பிக்கவா?' என்று கேட்டு முடிப்பதற்குள் 'ஆம்' என்று அமுக்கிவிட்டிருப்பேன். மற்றவர்களுக்குப் புதுச் சேலை வந்தால் வருகிற சந்தோஷம், எனக்கு லினக்ஸில் புதுப் பதிப்பு வந்தால் வரும். (சேலைக்கும் வரும். பொய் சொல்லக்கூடாது.) இந்த வியாதியால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தையே வாளியோடும் கைக்குழந்தையோடும் வெளியே இழுத்துவிட்டேன். இன்றைக்குச் சிரிக்க முடிகிறது. அன்றைக்குப் பெரகல சந்தியில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். முதலாளி ரிச்சர்ட் அண்ணன். லெப்டொப் பையைக் குளிக்கப் போகும்போது மட்டும்தான் தோளிலிருந்து இறக்குவார். ஊழியர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரசவ லீவில் இருந்ததால், தொழில்நுட்பப் பிரிவு முழுக்க நான்தான்.

தோட்டங்களுக்கு அறிவித்தல் அனுப்புவதுதான் எங்கள் தொழில். நாளைக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைக் கூட்டம், எத்தனை மணிக்கு? மேல்கணக்கு, அதாவது மேல் பிரிவு, லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் தடுப்பூசி என்றைக்கு? இதையெல்லாம் தோட்டத்து ஆட்களின் போனுக்கு மெசேஜாக அனுப்பிவிடுவோம். அனுப்புகிற சேர்வர் எங்களிடம் இல்லை. எந்த நாட்டிலோ இருக்கிற வாடகைச் சேர்வர். கிளவுட் என்பார்கள். வேலை கிடைத்த அன்று அம்மாவிடம், "நான் மேகத்துல வேலை செய்யுறேம்மா" என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஹப்புத்தளையில எல்லாருமே மேகத்துலதான் புள்ள வேலை செய்யுறோம்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போய்விட்டார்.

அந்தச் சேர்வரில் ஓடிய லினக்ஸுக்கு அந்த மாதம் புதுப் பதிப்பு வந்தது. அதில் என்னென்ன புதுசு என்று எழுதியிருந்ததை நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன். ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஒரு நிமிஷம்கூட நிறுத்தாமல், தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். கடவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டு இனி யாரும் உள்ளே நுழைய முடியாதாம். முன்கூட்டியே மின்சாவி பதிந்து வைத்த கணினிக்கு மட்டும்தான் கதவு திறக்குமாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒன்று. நேரம் குறித்து வைத்த வேலை ஏதாவது விட்டுப்போயிருந்தால், அதுவாகவே தேடிப் பிடித்துச் செய்து முடித்துவிடுமாம். எவ்வளவு பொறுப்பான பிள்ளை! கண் கலங்கிவிட்டது.

அதே வாரம் எங்கள் தோட்டத்துத் தொரை (மேனேஜரை அப்படித்தான் சொல்வோம்), பக்கத்து நாலு தோட்டங்களையும் இந்தச் சேவையில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் வந்து செய்து காட்டச் சொன்னார். அது சரிவந்தால் கம்பெனி பிழைக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். ரிச்சர்ட் அண்ணனுக்கு அன்றைக்கு வெல்லவாயவில் அக்கா பிள்ளையின் ஞானஸ்நானம்.

"நீ தனியாச் சமாளிப்பியா?"

"நான் பாத்துக்கிறேன் அண்ணே."

"புதுப் பதிப்பைக் காட்டுறதுன்னா சேர்வரை ஒரு பிரதி எடுத்து, அதுல காட்டு. நெசச் சேர்வருல கை வைக்காத. உன் மின்சாவியைப் பதிஞ்சிட்டியா?"

"இன்னைக்கிப் பதிஞ்சிடுறேன் அண்ணே."

இந்தக் கேள்வியை அவர் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பதிலை நானும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்தான் இருக்கிறதே என்ற திமிர்.

ஞாயிறு காலை பத்து மணி. மண்டபத்துச் சுவரில் வெள்ளைப் பெட்ஷீட் கட்டி என் திரையைப் பெரிதாகப் போட்டிருந்தேன். முன்வரிசையில் தொரை. அவர் சிங்களவர், இளம் வயது, தமிழ் நன்றாகப் பேசுவார். பக்கத்தில் தோட்டத்து ஆபீசின் இரண்டு கிளாக்கர்மார். பின்னால், மகள் பேசப்போகிறாள் என்று கொண்டையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்த அம்மாவும் அவருடைய கொழுந்துக் கூட்டாளிகளும். இவ்வளவு பேர் முன்னால் போய்ப் பிரதியில் செய்து காட்டுவதா? சமையல் தெரியும் என்று காட்ட மண்சோறு ஆக்கின மாதிரி அல்லவா இருக்கும்? நிஜச் சேர்வரிலேயே கை வைத்தேன்.

"ஓடுற வண்டியில டயர் மாத்துற மாதிரிங்க தொரை. பாருங்க, சேர்வர் நிக்காது" என்றேன். போதாக்குறைக்கு, எங்கள் பழைய அறிவித்தல் பட்டியல் முழுவதையும் அந்தப் பொறுப்பான பிள்ளையிடம் ஒப்படைத்து, 'விட்டுப்போனதைச் செய்து முடி' என்ற பொத்தானையும் அமுக்கினேன். நடுவில் ரிச்சர்ட் அண்ணன் போன் பண்ணினார். "பஸ் ஏறிட்டேன். எப்படிப் போகுது?"

"சூப்பராப் போகுது அண்ணே!"

புதுப் பதிப்பு ஏறி முடிந்ததும் தொடர்பு ஒரு முறை அறுந்து திரும்பவும் வரும். அது எனக்குத் தெரியும். வந்தது. கடவுச்சொல்லை அடித்தேன். பெட்ஷீட்டில் ஒரு வரி தோன்றியது. மறுபடி அடித்தேன். அதே வரி.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் தொரை.

"அனுமதி இல்லைன்னு சொல்லுதுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

தொரை தலையை ஆட்டினார். "நல்ல பாதுகாப்பு" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகக் கத்தின. 'மேல்கணக்கு லயத்துக்கு இப்போது தண்ணீர் திறக்கப்படும்.' நான் அப்படி ஒன்றும் அனுப்பவில்லையே என்று பார்த்தால், அது ஒன்றரை வருஷத்துக்கு முந்தின அறிவித்தல். அப்போதுதான் உறைத்தது. பழைய அறிவித்தல்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன என்று அந்தப் பொறுப்பான பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷ அறிவித்தல் எல்லாமே 'விட்டுப்போச்சு' என்று அது முடிவு பண்ணிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் அனுப்புகிறது. நிறுத்தலாம் என்றால் என்னால் உள்ளே போக முடியாது. சேர்வரை வாடகைக்கு விட்டவர்களின் பக்கத்துக்குப் போய் நிறுத்தலாம் என்றால், அதற்கு வருகிற ரகசிய எண் ரிச்சர்ட் அண்ணனின் போனுக்குத்தான் போகும். அண்ணன் இப்போது போனை அணைத்து வைத்திருந்தார். (எல்லா அறிவித்தலுக்கும் ஒரு பிரதி அவருக்கும் போகும். பஸ்ஸில் தூங்கவிடாமல் மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறதே என்று அணைத்தாராம். அனுப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.)

புதுப் பதிப்பில் சொன்ன அத்தனை வசதியும் அன்றைக்குச் சொன்ன மாதிரியே வேலை செய்தது. வேலை செய்யாதது என் மூளை மட்டும்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேல்கணக்குப் பெண்கள் வாளியும் குடமுமாகப் பீலிக்கு ஓடினார்கள். பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நேராக மண்டபத்துக்கு வந்தார்கள். அடுத்த மெசேஜ் தடுப்பூசி. கைக்குழந்தைகளோடு ஒரு கூட்டம். அதற்கடுத்தது, 'காணாமல் போன கறுப்பு ஆடு கிடைத்துவிட்டது, உரியவர் மண்டபத்துக்கு வரவும்.' முனியாண்டி அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"மாலினி, எந்த ஆடும்மா?"

"உங்க கறுப்பு ஆடுதாண்ணே."

"அதைத்தான் போன தீவாளிக்கு அடிச்சுச் சாப்பிட்டோமே! திரும்ப எப்படிக் கிடைச்சிச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மெதுவாகக் கொண்டையிலிருந்த பூவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரிச்சர்ட் அண்ணன் போகிற பஸ் பெரகல சந்தியில் டீ குடிக்க நிற்கும். பிடித்துவிடலாம். "ஒரு நிமிஷங்க தொரை" என்று சொல்லிவிட்டு, பின்கதவால் ஓடி ஜெயபால் அண்ணனின் ஆட்டோவில் ஏறினேன். வளைவுக்கு வளைவு அவர் போன் கத்தியது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே அவர் சத்தமாக வாசித்தார்.

"'இன்று அம்மன் தேர். தப்பு அடிக்கிறவர்கள் உடனே மண்டபத்துக்கு வரவும்.' ஏம்மா, தேர் மாசியிலதானே?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே!"

அடுத்த வளைவில் ஆட்டோவையே நிறுத்திவிட்டார். "'நமது தொரை இடமாற்றமாகிச் செல்கிறார். பிரியாவிடை இன்று. அனைவரும் வருக.' அட, தொரை போறாரா? நல்ல மனுசனாச்சே!"

அது இவருக்கு முன்னால் இருந்த தொரையின் பிரியாவிடை. "நிக்காம ஓட்டுங்கண்ணே!" என்று அவர் தோளைத் தட்டினேன்.

பெரகலயில் பஸ் நின்றிருந்தது. ஏறிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, டை, மடியில் பரிசுப் பொட்டலம், தோளில் லெப்டொப் பை, திறந்த வாய். ரிச்சர்ட் அண்ணன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மின்சாவியைப் பதிஞ்சிட்டியா?"

அப்போதுதான் மூக்கைச் சிந்தினேன். அவர் இறங்கி, அணைத்திருந்த போனைப் போட்டுவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தார். புதுப்பிப்பதற்கு முன்னால் சேர்வரின் நிலையை அப்படியே ஒரு படமாக எடுத்து வைத்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். அந்தப் படத்துக்கே சேர்வரைத் திருப்பிவிட்டார். நாலு நிமிஷம். மெசேஜ் நின்றது. பஸ் நிற்கவில்லை. கொண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மணியை அடித்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி முடிந்து, கேக்கும் வெட்டியாகிவிட்டதாம். அந்த ஞானஸ்நானத்து ஆல்பத்தில் தாய்மாமன் ஒரு படத்திலும் இல்லை. அவருடைய அக்கா என்னை இன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அந்த லினக்ஸ் புள்ள'தான்.

தோட்டத்துக்குத் திரும்பும்போது வேலை போனதாகவே முடிவு பண்ணியிருந்தேன். தூரத்திலேயே தப்புச் சத்தம் கேட்டது. மண்டபத்து வாசலில் பாதித் தோட்டம் நின்றது. வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதில் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தப்புக்காரர்கள் வந்ததுதான் வந்தோம் என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள், ஊசி இல்லை என்று தெரிந்துவிட்ட மாதிரி சிரித்தன. முனியாண்டி அண்ணன் ஆட்டை மறந்து ஆடிக்கொண்டிருந்தார். நடுவில், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு தொரை.

என் அம்மாவின் கூட்டாளி பேச்சியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போற எடத்துல சந்தோசமா இருங்க தொரை. எங்கள மறந்துறாதீங்க" என்று கண்ணைத் துடைத்தார்.

"அம்மா, நான் எங்கேயும் போகல்ல" என்றார் தொரை. அதை அவர் பலதடவை சொல்லியிருக்க வேண்டும், குரல் கம்மியிருந்தது.

"அப்படித்தான் தொரை எல்லாரும் சொல்லுவாங்க."

நான் போய் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். தொரை என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் மாசா மாசம் கூட்டம் வைக்கிறேன். பத்துப் பேர் வரமாட்டாங்க. இன்னிக்கி எல்லாரும் வந்திருக்காங்க. உங்க மெசேஜை ஆட்கள் படிக்கிறாங்க. அது எனக்குப் போதும்." மாலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார். "இவங்களுக்கு என்னை இவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

நாலு தோட்டமும் சேர்ந்தன. என் வேலை நிரந்தரமானது. மறுநாள் காலை பேக்கரி திறக்கும் முன்பே போய் மின்சாவியைப் பதிந்தேன். ரிச்சர்ட் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். இரண்டு வருஷம் கழித்துத் தொரைக்கு நிஜமாகவே இடமாற்றம் வந்தது. நானே என் கையால் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, பிரியாவிடை அறிவித்தலை அனுப்பினேன். அன்றைக்கு மண்டபத்தில் தொரை, இரண்டு கிளாக்கர்மார், நான். வேறு ஒரு குருவியும் இல்லை.

"அதான் போன தடவையே மாலை போட்டு அனுப்பிட்டோமே" என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாம்.

கடைசியில் தொரையே லயம் லயமாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் உண்மையாவே போறேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். நான் அவர் பின்னால்தான் நின்றேன். அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரையே பார்த்துக் கேட்டார்.

"மெசேஜா தொரை, நெசமா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. போன மாதம், எனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவே இல்லை.

"மெசேஜா, நெசமா?"