சாட்சி இருந்தால்தான் வலிக்கும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சாட்சி வலிக்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அடிபட்டால் இவர்களுக்கு உடனே வலிக்காது. முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். ஆளில்லையா? உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆள் வந்துவிட்டதோ, அப்போது வரும் பாருங்கள் ஒரு வலி!

தூரத்தில் தேட வேண்டாம், என் தங்கை புருஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டர். பகல் பூராவும் சாரத்தில் நின்று, ஆணி கிழித்தது, தகரம் வெட்டியது எதையும் சட்டை செய்யாமல் சுவரை முடித்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தங்கை தலை தெரிந்ததும், "யம்மா, செத்தேன்" என்று ஒரு காலை இழுத்துக்கொண்டு உள்ளே வருவார். ஒருநாள் இழுத்தது இடது கால். மறுநாள் வலது. கேட்டால், "எடம் மாறிடுச்சு மச்சான்."

தங்கை லேசுப்பட்டவளா? ஒரு சோதனை வைத்திருந்தாள். அவர் முனக ஆரம்பித்ததும் அறையைவிட்டுப் போய்விடுவாள். சத்தம் தொடர்ந்தால் மெய், நின்றால் பொய். ஒருநாளும் தொடர்ந்ததில்லை.

போன மாதம் பல்பு மாட்டப் போய் ஸ்டூலோடு விழுந்தார். நானும் இருந்தேன்.

"காலு போச்சு மச்சான்!"

"அண்ணே, நீ சமையல்கட்டுக்கு வா. நெஜ வலின்னா ஆளில்லாட்டியும் கத்தும்."

போனோம். கப்சிப்.

"பாத்தியா?" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே.

குடித்துவிட்டு வந்தால், மனிதர் வேர்த்து ஊற்றச் சுவரில் சாய்ந்திருக்கிறார். கணுக்கால் பூசணிக்காய். எங்களைக் கண்டதும், "ஐயோ!"

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு முறிவு.

"எப்படிங்க சத்தம் போடாம இருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"கேக்க ஆளில்லையே, கத்தி என்ன பண்ண?"

டாக்டர் சிரிக்கவில்லை. காலிலிருந்து போவது வெறும் சேதிதானாம். ஆபத்து எவ்வளவு, பக்கத்தில் யார் என்றெல்லாம் விசாரித்து, எவ்வளவு வலிக்கணும் என்று மூளைதான் முடிவு பண்ணுமாம்.

"நடிப்பு இல்லைம்மா. ஆளைப் பாத்தா நெஜமாவே கூடலாம்."

தங்கை முகம் செத்துப்போயிற்று. அவர் முகத்தில் வந்த களையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இப்போது கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் ராஜா மாதிரி கிடக்கிறார். தங்கை எழுந்தால் போதும், கேட்டுவிடுவார்.

"எங்க போற?"

"நான் பக்கத்துல இருந்தா வலி கூடுமாமே. டாக்டரே சொல்லிட்டாரு. அதான் போறேன்."

போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டீர்களே, அன்றைக்கு முதலில் எதைப் பார்த்தீர்கள்? விரலையா, வாசலையா?